கண்ணாடிக் கூரையும் எண்ணூர்க் காற்றும்

சென்னைக்கு விருந்தாளிகள் வந்தால் அவர்களை எங்கே அழைத்துக்கொண்டு போகிறோம்? மெரீனாவில் சுண்டல் வாங்கிக் கொடுக்கிறோம். கபாலீசுவரரைச் சேவித்துவிட்டு மகாபலிபுரத்துக்குக் கிளம்புகிறோம். எல்லாம் தெற்குத் திசைதான்! "வாருங்கள், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு சவாரி போய்வருவோம்" என்று யாராவது கூப்பிட்டதுண்டா? கூப்பிட்டால் விருந்தாளி அன்று இரவே ஊருக்கு டிக்கெட் வாங்கிவிடுவார்.

ஆனால், மெரீனாவில் கால் புதையப் புதைய நடக்கிறோமே, அந்த மணலுக்காக நாம் வடசென்னைக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்கள். நம் கடற்கரையை ஒட்டி, வருஷத்தில் பெரும்பகுதி நாட்கள் மணல் தெற்கேயிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். போகிற மணலைச் சுவர் வழிமறித்தது. தெற்கே மணல் தங்கித் தங்கி மெரீனா அகன்றது. வடக்கே ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேரவேண்டிய மணல் சேரவில்லை. கடல், கரையைத் தின்ன ஆரம்பித்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் கருங்கற்களை மலைமலையாகக் கொட்டி, கடலைத் தடுத்து நிறுத்தியிருப்பதைப் பார்க்கலாம்.

போகிற ஒன்றுக்கு வழிவிடாமல் மறித்தால், அது வேறு எங்கேயோ போய்த் தன் வேலையைக் காட்டும். இந்தச் சமாசாரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மோட்டார் காரின் கூரையில் இதே பாடத்தை மறுபடியும் படிக்கப்போகிறோம்.

வானம் தெரியும் வண்டி

என் சிநேகிதி ஒருத்தி புதிதாகக் கார் வாங்கியிருந்தாள். காருக்குக் கூரையே கிடையாது என்று சொல்லலாம். அதாவது, கூரை முழுவதும் கண்ணாடி! அந்தக் காலத்துக் கார்களுக்குத் துணி ஹூட் இருந்தது. மழை வந்தால் இறங்கி இழுத்து மாட்டவேண்டும். பிறகு இரும்புக் கூரை வந்து அந்தக் கவலையைப் போக்கியது. இப்போது மறுபடியும் வானத்தைப் பார்க்கவேண்டும் என்று மனிதனுக்கு ஆசை வந்துவிட்டது. முன் ஸீட்டிலிருந்து பின் ஸீட் வரைக்கும் கண்ணாடி போட்டு, அதற்குப் 'பானரமிக் சன்ரூஃப்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். முன்பாதி பொத்தானை அமுக்கினால் நகரும். பின்பாதி நகராது, ஒட்டினது ஒட்டினதுதான். வெயில் தாங்காவிட்டால் உள்ளே ஒரு துணித் திரையை இழுத்து மூடிக்கொள்ளலாம்.

புரட்டாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "குழந்தைகளுக்குக் கப்பல் காட்டவேண்டும், நீயும் வாயேன்" என்றாள். ஒன்பது வயதுப் பெண்ணும் ஆறு வயதுப் பையனும் பின் ஸீட்டில் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

அண்ணாந்து பார்ப்பதற்கு ராயபுரத்தைப்போல ஓர் இடம் உண்டா? 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் புறப்பட்டது இங்கிருந்துதான். அன்றைக்கு வாலாஜா ரோடு வரைக்கும் போயிற்று. அந்த ஸ்டேஷனின் உயர்ந்த தூண்கள் இன்னும் நிற்கின்றன. கொஞ்ச தூரத்தில் ராயப்பர் மாதா கோயில். பேதுருவைத்தான் தமிழில் ராயப்பர் என்பார்கள். ஊருக்கே அவர் பெயர்தான். அதற்குப் பக்கத்துத் தெருவிலே பார்ஸிக்காரர்களின் அக்கினி ஆலயம். அப்புறம் காசிமேடு. மீன்பிடிப் படகுகளின் கொடிமரங்கள் கண்ணாடிக் கூரை வழியாகக் காடாகத் தெரிந்தன. "அம்மா, வானத்திலே வலை காயுது!" என்றான் பையன்.

மீன் வாசனை முடிகிற இடத்தில் பெட்ரோல் வாசனை ஆரம்பிக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே நிலைக்கு வந்த தேர்களைப்போல நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் தயாராகும் கார்கள் இந்தச் சென்னைத் துறைமுகத்திலும், 2001-இல் எண்ணூரில் தொடங்கிய துறைமுகத்திலும்தான் கப்பலேறுகின்றன. எண்ணூர்த் துறைமுகத்துக்கு 2014-இல் காமராஜரின் பெயரைச் சூட்டினார்கள். கண்ணாடிக் கூரையுள்ள கார்கள் வெளிநாடு போவதற்கு முன்னால் கடைசியாக அனுபவிக்கும் தமிழ்நாட்டுக் காற்று, இந்த வடசென்னைக் காற்றுத்தான்.

கார் என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. அசோக் மோட்டார்ஸ் 1949-இல் எண்ணூரில் தொழிற்சாலை திறந்து, ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி இறக்கியது. அந்தக் கம்பெனிதான் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை கட்டும் வேலை தொடங்கியது. 'புல்லட்' மோட்டார் சைக்கிளின் முழக்கம் அங்கே கேட்டது. சாணைச் சக்கரமும் உப்புத்தாளும் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல், தீப்பெட்டி செய்த விம்கோ... தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரில் ஒரு ரயில் ஸ்டேஷனே இருக்கிறது. 2021-இல் மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டது.

இத்தனை இரும்புக்கும் நடுவில் திருவொற்றியூர்த் தியாகராஜர் அமைதியாக எழுந்தருளியிருக்கிறார், வடிவுடையம்மனும் இருக்கிறாள். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. சங்கிலி நாச்சியாரை மணந்த சுந்தரர், "உன்னைப் பிரியேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்ததும், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதுமே பார்வையை இழந்ததும் இந்த ஸ்தலத்தில்தான். இந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லி முடித்தபோது நாங்களும் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தோம். வெயில் ஏறிவிட்டது என்று சிநேகிதி துணித் திரையை மூடினாள். நல்ல காலம், மூடினாள்!

எர்ணாவூர்ப் பக்கம் முன்னால் ஒரு ஜல்லி லாரி. பள்ளத்தில் விழுந்து எழுந்தது. மேலே குவித்திருந்த ஜல்லியில் ஒன்று தெறித்தது. 'டப்' என்று ஒரு சத்தம். அதை அடுத்துப் பொரி கொட்டியதுபோல் ஒரு சடசடப்பு. பின் கண்ணாடி முழுவதும் பொடிப்பொடியாகிவிட்டது. திரை மட்டும் இல்லாதிருந்தால் அத்தனையும் குழந்தைகளின் தலையில் கொட்டியிருக்கும்.

"சுச்சைத் தொடாதீங்க!"

ஓரமாக வண்டியை நிறுத்தினோம். குழந்தைகளைப் பத்திரமாக இறக்கினோம். திரையைத் திறந்து பார்க்கலாம் என்று சிநேகிதியின் கை பொத்தானுக்குப் போயிற்று.

"அம்மா, சுச்சைத் தொடாதீங்க!" என்று ஒரு குரல். சாலையோரப் பட்டறையிலிருந்து ஒரு பெரியவர் ஓடிவந்தார். அறுபது வயதிருக்கும். அந்த வட்டாரத்து லாரிகளுக்கும் பஸ்களுக்கும் கண்ணாடி மாட்டியே தலை நரைத்தவர். எல்லோரும் அவரை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"இப்போ தெறந்தா, தூளு பூரா தண்டவாளத்துல பூந்துக்கும். அப்புறம் நகர்ற கண்ணாடியும் கெட்டுப் போவும்" என்றார். முதலில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். கனமான பிளாஸ்டிக் தாளை வெளியே விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். உடனே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லச் சொன்னார்.

பட்டறையில் நின்ற இளைஞன் ஒருவன் சுலபமாக ஒரு வழி சொன்னான். "பிளாஸ்டிக் கண்ணாடியை அளவுக்கு வெட்டி, சிலிகான் பசை வச்சு ஒட்டிடலாங்கா. இல்லாட்டி புதுப்பேட்டையில பழசு கிடைக்கும். சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்." சிநேகிதிக்குச் சபலம் தட்டியது. யாருக்குத்தான் தட்டாது? மழைக் காலம் வாசலில் நிற்கிறது. கம்பெனிக் கண்ணாடிக்குப் பணமும் அதிகம், காத்திருப்பும் அதிகம்.

மேஸ்திரி ஒரே கேள்விதான் கேட்டார்: "அதுக்கு அடியில யாரு குந்தப் போறாங்க?"

சிநேகிதி குழந்தைகளைப் பார்த்தாள். சபலம் போய்விட்டது.

இந்தக் கண்ணாடி சாதாரண ஜன்னல் கண்ணாடி அல்ல. முதலில் வேண்டிய வடிவத்துக்கு வெட்டி, ஓரங்களைச் சாணை பிடித்து, 600 டிகிரிக்கு மேல் காய்ச்சுகிறார்கள். பிறகு இரு புறமும் குளிர்ந்த காற்றை வேகமாகப் பீய்ச்சுகிறார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடுகிறது. உள்ளே இருப்பது மெதுவாக ஆறிச் சுருங்கும்போது அந்தத் தோலை இழுத்து நெருக்குகிறது. நாண் ஏற்றிய வில்லைப்போல, கண்ணாடிக்குள் ஓர் இறுக்கம் எப்போதும் குடியிருக்கிறது. அதனால்தான் அதற்கு அவ்வளவு பலம். ஆனால் ஓரத்திலோ, தோலைத் தாண்டி ஆழமாகவோ ஓரிடத்தில் அடிபட்டால், நாண் அறுந்த மாதிரி முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் நொறுங்கிவிடும். கத்திபோன்ற நீளத் துண்டுகளாக இல்லாமல், கற்கண்டுபோலச் சின்னச் சின்னக் கட்டிகளாக உதிரும். பெரிய காயம் படாமலிருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. இப்படிப் பதப்படுத்திய கண்ணாடியை அப்புறம் வெட்டவும் முடியாது, துளையிடவும் முடியாது, ஒட்டுப் போடவும் முடியாது. உடைந்தால் புதிதுதான்.

இன்னொரு ஜாதிக் கண்ணாடியும் உண்டு. 1903-இல் எட்வார் பெனெடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் ஆராய்ச்சி அறையில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டதே தவிர, சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த ரசாயனம் காய்ந்து, மெல்லிய தோலாகப் படிந்து, துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு தோலை வைத்து ஒட்டும் வித்தை அதிலிருந்து பிறந்தது. டிரைவருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி இந்த ஜாதி. சில கார்களில் கூரைக்கும் இதையே போடுகிறார்கள். இது உடைந்தாலும் இடத்திலேயே நிற்கும்.

நம் காருக்கு எந்த ஜாதி என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். கண்ணாடியின் வகை, செய்த கம்பெனி, தர முத்திரை எல்லாம் அதில் உண்டு. கார் நன்றாயிருக்கும்போதே அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நொறுங்கிய பிறகு தேடினால் கிடைக்காது. மாற்றும்போது அதே ஜாதிக் கண்ணாடியை, காரின் சேஸிஸ் நம்பரைச் சொல்லித்தான் வரவழைக்கவேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு கார்களின் கண்ணாடிகள் வளைவில் ஒரு நூலளவு மாறினாலும் போதும், மழை உள்ளே வந்துவிடும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்தவர்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது. முழு இன்ஷூரன்ஸ் இருந்தால், ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதி விலை கழிப்பவர்கள்கூடக் கண்ணாடிக்குத் தேய்மானம் என்று எதையும் கழிப்பதில்லை. ஆனால் கிளெய்ம் வாங்கினால், வாங்காதவர்களுக்குத் தரும் போனஸ் சலுகை கைநழுவிப் போகலாம். அதைக் காப்பாற்றத் தனியாகக் கொஞ்சம் பிரீமியம் கட்டும் வழியும் உண்டு. பாலிஸியை பீரோவில் பூட்டி வைக்காமல், ஒருநாள் மத்தியானம் உட்கார்ந்து படித்துப் பார்ப்பது பெண்மணிகளுக்கு உத்தமம். வீட்டில் வேறு யாரும் படிக்கப்போவதில்லை!

ஒரு சொம்பு தண்ணீர்

பத்து நாள் கழித்துக் கண்ணாடி வந்தது. இன்ஷூரன்ஸ்காரர்களின் சம்மதத்தோடு மேஸ்திரியின் பட்டறையிலேயே வேலை நடந்தது. கண்ணாடி மாட்டுவதென்றால், பழையதை எடுத்துப் புதியதை வைப்பது என்றுதான் நினைத்திருந்தோம். காலை முழுவதும் அவர் புதுக் கண்ணாடியைத் தொடவே இல்லை!

முதலில் தூளை அகற்றினார். ஊதி அகற்றவில்லை, உறிஞ்சும் மெஷினை வைத்து, திரையின் மடிப்பு, தண்டவாளம், ஸீட் சந்து, ஏ.ஸி. துவாரம் என்று ஒவ்வோர் இடமாக உறிஞ்சினார். ஊதினால் தூள் போகாத இடத்துக்கெல்லாம் போய்விடுமாம். பிறகுதான் திரையை அங்குலம் அங்குலமாகத் திறந்தார். அதற்கப்புறம் பழைய பசையை மெல்லிய கம்பியால் அறுத்து எடுத்தார். இரும்பு தெரியும்படி கீறல் விழுந்த இடங்களில் எல்லாம் பிரைமர் தடவினார். "இது உப்புக் காத்தும்மா. ஒரு கீறலை உட்டா, அடுத்த மழைக்குள்ள துரு ஏறிக்கும். துரு மேல ஒட்டின பசை எத்தினி நாளைக்கு நிக்கும்?" என்றார்.

அடுத்தாற்போல ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். தாகத்துக்கு என்று நினைத்தோம். அவரோ அதைக் காரின் கூரையில் சிறிது சிறிதாக ஊற்றினார்!

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கூரைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர், தண்ணீரை முழுவதும் தடுப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி அல்ல. திறந்து மூடுகிற இடத்தில் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். அதைப் பிடிப்பதற்கு ஓரத்தில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலின் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் காரின் தூண்களுக்குள்ளேயே இறங்கி, கதவு ஓரத்திலும் சக்கரத்துக்கு அருகிலும் தண்ணீரை வெளியே விட்டுவிடுகின்றன. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நம் வீட்டு மொட்டை மாடிக்கும் மழைநீர்க் குழாய்க்கும் உள்ள உறவுதான்!

மூன்று மூலைகளில் ஊற்றிய தண்ணீர் ஒழுங்காகக் கீழே சொட்டியது. நான்காவது மூலையில் தேங்கி நின்றது. நொறுங்கிய கண்ணாடியும், அந்தச் சாலையின் தூசியும் சேர்ந்து குழாயை அடைத்துவிட்டிருந்தன. அப்படியே கண்ணாடியை மாட்டியிருந்தால் என்ன ஆகும்? முதல் மழையில் தண்ணீர் வாய்க்காலை நிரப்பி, கூரைத் துணிக்குள் இறங்கி, கம்பளத்துக்கு அடியில் தேங்கும். அங்கே ஓடும் மின்சார ஒயர்கள் பாழாகும். கண்ணாடி மாட்டியவனைத் திட்டுவோம். கண்ணாடியின் மேல் ஒரு குற்றமும் இராது.

மேஸ்திரி காற்றுக் குழாயை எடுக்கவில்லை. "வேகமா காத்தடிச்சா உள்ளே குழாய் கழண்டுக்கும்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு! காசிமேட்டில் வாங்கியதாம். அதன் முனையை நெருப்பில் காட்டி மழுங்கவைத்து, குழாய்க்குள் மெல்ல மெல்லச் செலுத்தினார். சிறிது நேரத்தில் சக்கரத்தின் பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு வெளியே வந்தது. பின்னாலேயே தெளிந்த தண்ணீர் வந்தது. குழந்தைகள் கை தட்டினார்கள்.

அதன் பிறகுதான் புதுக் கண்ணாடி. பசையை ஒரே சீராகப் பிழிந்து, இரண்டு பேர் இரு புறமும் பிடித்து, ஒரே மூச்சில் வைத்தார்கள். கூரையோடு மட்டமாக இருக்கிறதா என்று மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். மட்டம் தவறினால் வேகத்தில் காற்று விசில் அடிக்குமாம். பசை இறுகும் வரைக்கும் கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது; ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைக்கவேண்டும். எல்லாக் கதவுகளையும் மூடிவைத்துச் சாத்தினால், உள்ளே அகப்பட்ட காற்று கண்ணாடியைத் தள்ளிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்தப் பசை வெயிலில் காய்வதல்ல. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகுகிறது. இரும்பை அரிக்கிற அதே எண்ணூர்க் கடற்காற்று, கண்ணாடியை ஒட்டிவைக்க உதவிக்கும் வருகிறது!

மறுநாள் பசை இறுகிய பிறகு பொத்தானை அமுக்கிப் பிடித்து, முன்பாதியை ஒரு தரம் முழுவதும் திறந்து மூடவைத்தார்கள். எது வரைக்கும் நகரவேண்டும், நடுவில் ஏதாவது அகப்பட்டால் எப்படிப் பின்வாங்கவேண்டும் என்பதை மோட்டார் மறுபடியும் கற்றுக்கொள்வதற்காக இந்தப் பாடம். இதைச் செய்யாமல் வண்டியை வாங்கி வரக் கூடாது. குழந்தைகளின் விரல் விஷயம் அல்லவா?

முகத்துவாரத்தில்

புதுக் கண்ணாடியோடு முகத்துவாரம் வரைக்கும் போனோம். வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் காற்று வாங்குவதற்கு எண்ணூருக்கு வருவார்களாம். கொசஸ்தலை ஆறு இங்கேதான் கடலில் சேருகிறது. வெள்ளம் வடிவதற்கு இந்த வட்டாரத்துக்கு உள்ள வாசல் இது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை வேலை செய்தது. வடசென்னை அனல் மின் நிலையம் 1994-லிருந்து நடக்கிறது. நமக்கு விளக்கு எரிந்தது. நிலக்கரிச் சாம்பல் இந்தக் கழியில் படிந்தது. ஆழம் குறைந்தது. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வெள்ளத்தின்போது எண்ணெய்ப் படலம் இந்த நீரில் பரவி, வலைகளிலும் படகுகளிலும் ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் நாள் கணக்கில் தொழில் இழந்தார்கள். எங்கேயோ யாரோ அடைத்த வழிக்கு, இங்கே இவர்கள் வட்டி கட்டுகிறார்கள்.

காரின் கூரையில் ஒரு குழாய் அடைத்தால் தூண்டில் நரம்பு போதும். ஆற்றின் வாய் அடைத்தால் அதற்கு எத்தனை பெரிய நரம்பு வேண்டும்! பாடம் என்னவோ ஒன்றுதான். மேலே பளபளப்பது எத்தனை உயர்ந்த கண்ணாடியாயிருந்தாலும், கீழே தண்ணீருக்கு வழி இருக்கவேண்டும்.

இந்த மாதிரிக் கூரையுள்ள கார் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை. ஓடுகிற வண்டியில் குழந்தைகளைக் கூரைக்கு வெளியே தலை நீட்டி நிற்க விடாதீர்கள். கல்யாண ஊர்வலமானாலும் சரி, விடாதீர்கள். திடீரென்று பிரேக் போட்டால் அவர்களைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள் கூரையைத் திறந்து, வாய்க்காலை ஈரத் துணியால் துடைத்து, கைக்கு எட்டும் மூலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே சொட்டுகிறதா என்று கவனியுங்கள். எட்டாத பின் மூலைகளைப் பட்டறையில் பார்த்துக்கொள்வார்கள். ஒரு சொம்பு தண்ணீர், ஐந்து நிமிஷம். அதற்குமேல் செலவு இல்லை.